சத்தம் சாகும் பக்கம்

2007 டிசம்பரில் அப்பா எங்களோடு வந்து தங்கியிருந்தார். எங்களில் ஒருவருக்கு அவர் அப்பா, மற்றவருக்கு மாமா. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் அர்பானா என்ற ஊர். வீட்டைத் தாண்டினால் அறுவடை முடிந்த சோள வயல்கள் பனியில் கிடந்தன. தூத்துக்குடியில் தேநீர்க் கடைப் பேச்சோடு பொழுதைக் கழித்தவருக்கு இங்கே பேச ஆளில்லை. பழைய பொருள் விற்கும் கடையில் ஐந்து டாலருக்கு ஒரு டிரான்சிஸ்டர் வாங்கிக்கொண்டார்.

முள்ளை வலது கோடிக்கு நகர்த்தியபோது அவருக்கு வியப்பு. நம் ஊர்ப் பெட்டிகளில் மத்திய அலை 1600 கிலோஹெர்ட்ஸை ஒட்டி முடிந்துவிடும். இங்கே 1700 வரை எண்கள் இருந்தன. அமெரிக்கக் கண்டங்களின் நாடுகள் 1988-இல் ரியோ டி ஜெனிரோவில் கூடி வகுத்த திட்டத்தின்படி நிலையங்களுக்குத் திறந்துவிட்ட பகுதி அது. பழைய அலைவரிசையில் இடநெருக்கடி அதிகம். இரவானால் நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும் என்பதால், பலவும் வரிசையாகக் கோபுரங்களை நட்டு, பிறர் எல்லைப் பக்கம் ஒலியைக் குறுக்கி அனுப்புகின்றன. புதிய பகுதிக்கு வந்தவை பெரும்பாலும் ஒற்றைக் கோபுரத்தோடு, பகலில் 10 கிலோவாட், இரவில் 1 கிலோவாட் என்று எல்லாத் திசைக்கும் ஒலிபரப்பின.

அப்பா 1690-இல் நிலைகொண்டார். சிகாகோவின் டபிள்யூ.வி.ஓ.என். நிலையம். செஸ் சகோதரர்கள் 1963-இல் கறுப்பின மக்களுக்கென நடத்தத் தொடங்கியது. 2006-இல்தான் இந்த எண்ணுக்கு இடம்பெயர்ந்திருந்தது. பேச்சு அவருக்குப் பாதிதான் புரிந்தது. "சண்டை போடுறாங்களா, சிரிக்கிறாங்களான்னு தெரியுது. அது போதும்" என்பார்.

இரவு பதினொரு மணிக்கு மேலும் அந்தக் கரகரப்பு கேட்கும், குழந்தை விழித்துக்கொள்ளும். இணையத்தில் தமிழ்ப் பாட்டு வேண்டியமட்டும் கிடைக்கிறதே என்று ஒருநாள் சற்றுக் கடுமையாகவே சொன்னோம். மறுநாளிலிருந்து பெட்டியோடு நிலவறைக்கு இறங்கிவிட்டார்.

ஒரு மாலை, இருட்டுவதற்கு முன், எங்களைக் கூப்பிட்டு ஒன்று காட்டினார். மேசைமேல் பெட்டியை மெல்லத் திருப்பினார். ஒலி தேய்ந்து, ஓரிடத்தில் அநேகமாக இல்லாமற்போயிற்று. "சத்தம் கூடுற பக்கத்த வச்சுத் திசை பாக்கக் கூடாது. அது எங்க திருப்பினாலும் கேக்கும். சத்தம் சாகுற பக்கத்தப் பாக்கணும்." உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டின் முனை நிலையத்தை நோக்கும்போது ஒலி மிகக் குறைகிறது. அது வடக்கா, நேர் எதிரே தெற்கா என்பதை மட்டும் தண்டு சொல்லாது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டு வளர்ந்த கரையோரக்காரர் அவர். குறுக்கிடும் நிலையத்தை இப்படித்தான் ஒடுக்குவாராம்.

இந்த வித்தை பகலில்தான் ஒழுங்காகப் பலிக்கும். பகலில் வானத்தின் அயனி அடுக்குகளுள் கீழே உள்ளது மத்திய அலையை உறிஞ்சிவிடுவதால், தரையோடு வரும் ஒலி மட்டுமே நம்மை எட்டுகிறது. இரவில் அந்த அடுக்கு கரைந்துபோக, மேலடுக்கில் பட்டுத் திரும்பும் ஒலியும் வந்து கலக்கிறது. மேலிருந்து இறங்குவதைத் தண்டால் முழுவதும் அடக்க முடிவதில்லை. சிகாகோ அலைபோல எழுந்து விழும். அப்பா திருப்பிக்கொண்டே இருப்பார்.

அன்று சிகாகோவைப் பிடித்ததும் கேட்டார்: "இங்கேருந்து நம்ம ஊரு எந்தப் பக்கம்?"

மடிக்கணினியிலிருந்து தலை நிமிராமல் "கிழக்கே" என்றோம். அவர் நாற்காலியைக் கிழக்குப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஊர் திரும்பும்வரை அது அப்படியே இருந்தது.

2011-இல் அவர் தூத்துக்குடியில் காலமானார். அடுத்த ஆண்டு, குழந்தைக்கு வாங்கிய பூகோள உருண்டையில் விளையாட்டாக ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தோம். அர்பானாவிலிருந்து தூத்துக்குடிக்கு மிகக் குறுகிய வழி கிழக்கே போகவில்லை. வடக்கே சற்றுக் கிழக்காகச் சாய்ந்து, துருவத்தை ஒட்டிக் கடந்து, மறுபுறம் இறங்கியது. புறப்பட்ட சிறிது தொலைவில் அது சிகாகோவை ஏறக்குறையத் தொட்டுக்கொண்டு போயிற்று.

ஒலி சாகும் பக்கம் என்று அவர் காட்டிய அதே பக்கம். அவர் அதைத் தாமாகவே கண்டுபிடித்து வைத்திருந்தார், திருப்பிவிட்டவர்கள் நாங்கள்.

பெட்டி இன்னும் நிலவறையில் இருக்கிறது. சில மாலைகளில் 1690-இல் வைத்துத் திருப்பிப் பார்க்கிறோம். நாற்காலியை மட்டும் இன்னும் மாற்றிப் போடவில்லை.