பற்று, வரவு, அப்புறம் 28 சேலை

காலேஜ் சேர்ந்த முதல் மூணு வாரம் பத்தி எல்லாரும் ஜாலியா எழுதுவாங்க. கேன்டீன், பஸ் ஸ்டாப், பக்கத்து டிபார்ட்மென்ட்னு. எனக்கு அந்த மூணு வாரம் கொஞ்சம் வேற மாதிரி போச்சு.

2023 ஜூலையில வேலூர்ல ஒரு காலேஜ்ல பி.காம். சேர்ந்தேன். ஊர் ஆரணி. காலையில ஆறரை பஸ்ஸைப் பிடிச்சா கண்ணமங்கலம், கணியம்பாடி, அடுக்கம்பாறைன்னு நின்னு நின்னு போய்ச் சேரும். (ரயில்ல போலாமேன்னு கேக்காதீங்க. ஆரணி ரோடுன்னு பேர் வச்ச ஸ்டேஷன் களம்பூர்ல இருக்கு. ஆரணிக்காரன் ஆரணி ரோடுக்கே பஸ் பிடிச்சுத்தான் போகணும்!) முதல் நாள் ஒவ்வொருத்தரா எழுந்து ஊர், பேர் சொன்னோம். ஆரணின்னு சொன்னதும் ஒரே சத்தம். "எங்கம்மாவுக்கு ஒரு பட்டுச் சேலை எடுத்துட்டு வா மச்சி." எங்க ஊர்ன்னா பட்டு, இல்லன்னா அரிசி. நானும் சிரிச்சு வச்சேன். எங்க வீட்ல தறி இருக்கு, ஆனா அதுல இருக்குற சேலை எங்களுது இல்லன்னு முதல் நாளே எப்படி சொல்றது?

ராகிங் பயம் எனக்கு இல்ல, அம்மாவுக்குத்தான். 1996-ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல மருத்துவ மாணவர் நாவரசு கொலையானது அம்மா மனசுல அப்படியே நிக்குது. அதுக்கப்புறம்தான் 1997-ல தமிழ்நாட்டுல ராகிங் தடைச் சட்டம் வந்துச்சுன்னு சொல்லிப் பார்த்தேன். "சட்டம் பஸ்ல கூட வருமா?"ன்னு கேட்டாங்க. கடைசியில சீனியர்ஸ் பண்ணது ஒண்ணுதான், டீ வாங்கிக் கொடுத்தாங்க.

பிரச்சனை வேற இடத்துல இருந்து வந்துச்சு. பிளஸ் டூ வரைக்கும் நான் தமிழ் மீடியம். கணக்குப்பதிவியல்ல நல்ல மார்க். குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு எல்லாம் தலைகீழா தெரியும். காலேஜ்ல அதே ஆளுங்க ஜர்னல், லெட்ஜர், டிரயல் பேலன்ஸ்னு பேர மாத்திக்கிட்டு வந்து நிக்கறாங்க. 1494-ல வெனிஸ்ல லூக்கா பாசியோலி இரட்டைப் பதிவு முறையைப் புத்தகத்துல அச்சடிச்சார்னு சார் இங்கிலீஷ்ல சொன்னப்போ எனக்குப் புரிஞ்சது வருஷம் மட்டும்தான்.

ரெண்டாவது வாரம், "பெய்ட் கேஷ் டு கோபால். விச் அக்கவுண்ட் இஸ் டெபிட்டட்?"னு என்னைக் கேட்டார். டெபிட்டுக்குத் தமிழ் பற்றுன்னு படிச்சதுதான். ஆனா அந்த நேரத்துல மண்டைக்குள்ள வந்தது பேங்க் மெசேஜ். காசு போனா 'டெபிட்டட்'னு தானே வரும்? போனது கேஷ். "கேஷ் சார்"ன்னேன். மொத்த கிளாஸும் சிரிச்சுது. சார் இங்கிலீஷ்ல என்னவோ சொன்னார், அதுக்கு இன்னும் கொஞ்சம் சிரிச்சாங்க.

அந்த வாரம் பூரா கடைசி பெஞ்ச். சனிக்கிழமை வீட்டுக்குப் போறப்போ முடிவே பண்ணிட்டேன். 'படிப்பு வேணாம்பா, தறியில உக்காந்துடறேன்'னு சொல்லிடணும். கண்ணமங்கலம் தாண்டினதும் ரெண்டு தடவை மனசுக்குள்ள சொல்லிக்கூட பார்த்தேன்.

வீட்ல அப்பா குழித்தறியில இருந்தார். அம்மா தார் சுத்திட்டிருந்தாங்க. தறி மேல சொருகி வச்சிருந்த கூலி நோட்டை சும்மா எடுத்துப் பிரிச்சேன். சின்ன வயசுல இருந்து பார்க்குற நோட்டுதான். பாவு, சரிகை எல்லாம் முதலாளி கொடுப்பார், நெய்யறது நாங்க. நோட்டுல எழுதறதும் முதலாளி வீட்லதான். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. முன்பணம் வாங்கினா அப்பா பேர்ல பற்று. சேலை கொண்டு போய்க் கொடுத்தா, கூலியில 500 ரூபாய் பிடிச்சு வரவு.

வாங்கறவர் பற்று, கொடுக்கறவர் வரவு! சார் போர்டுல எழுதின அதே விதி. கேஷ் இல்ல, கோபால்தான். அந்த பேங்க் மெசேஜும் புரிஞ்சுது. அது என் புத்தகம் இல்ல, பேங்கோட புத்தகம். இந்த நோட்டு எப்படி அப்பாவோட கணக்கு இல்லையோ, முதலாளி பார்வையில அப்பாவோட கணக்கோ, அதே மாதிரி.

சந்தோஷமா அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். ஜூன் மாசத்துல ஒரு வரி. 'காலேஜ் பீஸுக்கு 14,000.' பற்று.

சேலைக்கு 500ன்னா 28 சேலை. ஒரு பாவுக்கு மூணு சேலை, அம்மா அப்பா ரெண்டு பேரும் உக்காந்தாலும் மாசத்துக்கு ஒரு பாவு. ஒன்பது மாசத்துக்கு மேல ஆகும், மழைக்காலத்துல இன்னும் இழுக்கும். அதுக்குள்ள அடுத்த வருஷ பீஸ் வந்துடும். வட்டி கிடையாது, உண்மைதான். ஆனா கணக்கு முடியாம வேற முதலாளிகிட்ட போக முடியாது. (அப்போ எங்க கிளாஸ்ல அரசுப் பள்ளியில படிச்சுட்டு வந்த பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் வரும். பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்லதான் வந்துச்சு. வந்ததுல இருந்து என் பஸ், சாப்பாட்டுச் செலவு நோட்டுல ஏறல.)

"இன்னாடா அதையே பாத்துக்கினு கீற?"ன்னார் அப்பா.

சொல்ல வந்ததைச் சொல்லல. அதுக்குப் பதிலா கணக்குப் பாடம் சொன்னேன். "அப்பா, முதலாளி வருஷக் கடைசியில இருப்புநிலைக் குறிப்பு போட்டா, உங்க முன்பணம் வலது பக்கம் வரும். சொத்துகள்னு போட்ட பக்கம். நீங்க அவருக்குச் சொத்து."

அப்பா நாடாவைக் கையில வச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் யோசிச்சார்.

"நான் சொத்துன்னா, வாடகை எனக்கு இல்ல வரணும்?"

அம்மா சிரிச்சதுல தார் அறுந்துடுச்சு. திங்கட்கிழமை மறுபடியும் ஆறரை பஸ். அன்னைக்கு மூணாவது பெஞ்ச்ல உக்காந்தேன். சார் அடுத்த கணக்கைக் கேட்டப்போ இங்கிலீஷ் வரல, தமிழ்லயே சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்துட்டு, போர்டுல டெபிட் பக்கத்துல 'பற்று'ன்னு எழுதினார். பின்னாடி இருந்து ரெண்டு பசங்க அதை நோட்டுல எழுதிக்கிற சத்தம் கேட்டுச்சு.