அப்பாவும் எட்டு ஜிபி உபுண்டுவும்

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் தலைகாட்டலை. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொன்னா நம்பிடுவீங்க. ஆனா உண்மை வேற. இருபது வருஷமா பொட்டி தட்டுறவன் ஒரு பழைய உபுண்டுகிட்ட மாட்டிக்கிட்டு முழிச்ச கதை இது.

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன். 2012 டிசம்பர்ல அப்பாவும் அம்மாவும் அம்பாசமுத்திரத்துல இருந்து டெல்லிக்கு வந்திருந்தாங்க. மயூர் விஹார் குளிர்ல அப்பாவால வெளிய கால் வைக்க முடியலை. ரஜாய்க்குள்ள உட்கார்ந்துக்கிட்டு, "சும்மா இருக்க முடியலடே, ஏதாவது வேலை குடு"ன்னார். தாலுகா ஆபீஸ்ல தமிழ் டைப் அடிச்சே ரிட்டயர் ஆனவர். தங்கமணியோட லேப்டாப்ல எதையாவது மாத்தி வெச்சா வீடு ரெண்டாயிடும். அதனால அதுக்குள்ளயே விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, உபுண்டு 12.04 ஏத்திக் குடுத்தேன். (புரியாதவங்களுக்கு: ஒரு கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டரைக் குடி வைக்கறது!) ஐபஸ்ல பழைய டைப்ரைட்டர் விசைப்பலகை இருந்துச்சு. மனுஷர் கப்புன்னு பிடிச்சுக்கிட்டார். ரெண்டு மாசத்துல அறுபது பக்கம். தாத்தா வயல் வித்தது, அத்தை கல்யாணம், 1992 வெள்ளத்துல தாமிரபரணி வாசல் வரைக்கும் வந்தது, எல்லாம்.

அடுத்த மாசம் திருக்கடையூர்ல அப்பாவுக்குச் சதாபிஷேகம். அந்த அறுபது பக்கத்தைப் புஸ்தகமா அடிச்சு வர்றவங்களுக்குக் குடுக்கணும்னு ஆசை. பழைய போட்டோக்களை ஸ்கேன் பண்ணி உபுண்டுக்குள்ள ஏத்தினேன். மறுநாள் பார்த்தா, பாஸ்வேர்டு கேட்குது, போட்டா ஒரு நொடி இருட்டு, மறுபடியும் பாஸ்வேர்டு கேட்குது. டெஸ்க்டாப் வரவே இல்லை. பேக்கப்பா? ஊருக்கு உபதேசம் பண்றவன்கிட்ட அதெல்லாம் கேட்கப்படாது.

அன்னிக்குன்னு பார்த்து அப்பா போன். "ஏல, அச்சாபீஸ்ல குடுத்தாச்சா?"

"ஆச்சுப்பா, ரெண்டு நாள்ல..." பொய். இப்ப அவருக்குப் பார்வை மங்கிடுச்சு. மறுபடி ஒரு பக்கம்கூட அடிக்க முடியாது.

நேரு பிளேஸ்ல ஒரு கடையில காட்டினேன். "ஃபார்மட் பண்ணிப் புதுசா போட்டுடலாம் சார்ஜி"ன்னான். லேப்டாப்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு மெட்ரோ ஏறினவன்தான்.

வீட்டுக்கு வந்து நிதானமா உட்கார்ந்தேன். முதல் வேலையா அந்த விர்ச்சுவல் டிஸ்க் ஃபைலை அப்படியே வெளிய ஒரு காப்பி. அப்புறம் பாஸ்வேர்டு கேட்கற இடத்துல வலது பக்க கண்ட்ரோலோட எஃப்1. வெறும் எழுத்து மட்டும் வர்ற கருப்புத் திரை. பேரும் பாஸ்வேர்டும் குடுத்தேன், உள்ள விட்டுடுச்சு! ஆக மெஷினுக்கு உசுரு இருக்கு, டெஸ்க்டாப்தான் வரமாட்டேங்குது. 'டிஎஃப் -ஹெச்' அடிச்சேன். 100 சதவீதம் ஃபுல்.

2012-ல நான் ஒதுக்கினதே 8 ஜிபி. லேப்டாப்ல எவ்வளவு காலி இருந்தாலும் உள்ள குடியிருக்கறவனுக்கு அந்த எட்டுதான் கணக்கு. லாகின் ஆகறப்ப எக்ஸ்-அத்தாரிட்டின்னு ஒரு துக்கடா ஃபைலை எழுதணும். அதுக்கு இடமில்லைன்னா கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிடும். இடத்தை அடைச்சது யாருன்னு பார்த்தா, நான் ஏத்தின போட்டோக்கள்!

அதுக்கெல்லாம் வெளிய ஒரிஜினல் இருந்துச்சு, தைரியமா அழிச்சேன். 'சூடோ ஆப்ட்-கெட் க்ளீன்' போட்டு, பழைய அப்டேட் குப்பையையும் தள்ளினேன். ரீஸ்டார்ட். டெஸ்க்டாப் வந்துச்சு. அப்பாவோட ஃபைலும் இருந்துச்சு.

கடைசிப் பக்கத்துல ஒரு வரி: "மீதியை அடுத்த குளிருக்கு வரும்போது எழுத வேண்டும்." அதுக்கப்புறம் அவர் டெல்லிக்கு வரவே இல்லை. நானும் அந்த ஃபைலைக் கடைசி வரைக்கும் படிச்சதில்லை.

உடனே போன் போட்டேன். "அப்பா, புஸ்தகம் இன்னும் குடுக்கலை. மீதியை நீங்க சொல்லுங்க, நான் அடிக்கறேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பேப்பர் பேனா எடுத்துக்கிட்டியா?"ன்னார்.

ரெண்டு வாரமா தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு இதான் வேலை. பதினோரு பக்கம் ஆயிருக்கு.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு முதல்ல ஒரு பேக்கப் எடுங்க மக்களே. நான் மூணு எடுத்துட்டேன்.