இரண்டாம் நம்பர்

என் பெரியப்பாவின் இடது உள்ளங்கையில் ஒரு தழும்பு இருந்தது. சுண்டுவிரல் அடியில் ஆரம்பித்து கட்டைவிரல் மேடு வரை போகும் பட்டையான தழும்பு. ஆயுள் ரேகை, புத்தி ரேகை எல்லாவற்றையும் அழித்துவிட்டிருந்தது. ஒரு ஜோசியர் அந்தக் கையைப் பார்த்துவிட்டுக் காசு வாங்காமல் எழுந்து போனதாக எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. ஆண்களுக்கு வலது கையைத்தானே பார்ப்பார்கள் என்று கேட்காதீர்கள். கதையில் அதையெல்லாம் கேட்கக்கூடாது.

பெரியப்பா மதராஸ் ரெஜிமெண்ட்காரர். 1966-ல் வெலிங்டனில் சேர்ந்து பதினைந்து வருஷம் இருந்தார். 1971 யுத்தத்தில் எங்கே இருந்தீர்கள் என்றால், 'பஞ்சாப் பக்கம்' என்பார். அதோடு சரி. அவர் எல்.எம்.ஜி., அதாவது லைட் மெஷின் கன் வைத்திருந்தார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு அது போதாதா? பள்ளிக்கூடம் முழுக்கப் பரப்பிவிட்டேன். ஒரு நாள் அவரே கூப்பிட்டுத் திருத்தினார்.

"நான் நம்பர் டூடா. சுடறவன் நம்பர் ஒன். நான் பக்கத்துல படுத்து மேகஸின் மாத்தறவன். பேரல் மாத்தறவன்."

எனக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தைச் சொல்லி முடியாது. பள்ளியில் நான் அதைத் திருத்தவில்லை.

2018 ஏப்ரலில் மகாபலிபுரம் போகும் வழியில் திருவிடந்தையில் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தது ஞாபகம் இருக்கும். கடைசி நாள் பொதுமக்களுக்கு அனுமதி. அன்று தமிழ் வருஷப் பிறப்பு. வடை பாயசம் முடிந்த கையோடு, எழுபது வயது பெரியப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். ஊரே அங்கேதான் இருந்தது. டாங்கி முன்னால் நின்று குடும்பம் குடும்பமாக போட்டோ. பெரியப்பா டாங்கியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு ஸ்டாலில், பச்சைத் துணி விரித்த மேஜைமேல் இரண்டு காலையும் ஊன்றி உட்கார்ந்திருந்த ஒரு புது எல்.எம்.ஜி. முன்னால் போய் நின்றவர், நின்றவர்தான்.

அவர் அங்கே நிற்கட்டும். நாம் அந்த கன்னைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

லைட் மெஷின் கன் விஷயத்தில் சினிமா நம்மை நன்றாக ஏமாற்றியிருக்கிறது. கதாநாயகன் அதை இடுப்பில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இடைவேளை வரை சுடுவார். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிஷத்துக்கு 800 ரவுண்டு வேகம் என்றால், 200 ரவுண்டு பெட்டி பதினைந்தே விநாடியில் காலி. அதற்கப்புறம் கதாநாயகன் கையில் இருப்பது வெறும் இரும்பு. நிஜச் சிப்பாய் இரண்டு, மூன்று, மிஞ்சினால் ஏழெட்டு ரவுண்டு சுட்டுவிட்டு நிறுத்துவான். திரும்பச் சுடுவான். திரும்ப நிறுத்துவான். எதிரில் இருப்பவனைக் கொல்வதைவிட அவன் தலையைத் தூக்கவிடாமல் செய்வதுதான் இந்த ஆயுதத்தின் முதல் வேலை. அவன் குனிந்திருக்கும் அந்த அரை நிமிஷத்தில் நம் ரைஃபிள்காரர்கள் பத்தடி, இருபதடி முன்னேறிவிடுவார்கள்.

உள்ளே நடப்பது என்ன? தோட்டா வெடிக்கிறது, குண்டு பேரலுக்குள் ஓடுகிறது. பின்னாலேயே புகை பெரும் அழுத்தத்தோடு துரத்துகிறது. பேரலில் வழியில் ஒரு சின்னத் துவாரம் வைத்திருப்பார்கள். குண்டு அதைத் தாண்டியதும் கொஞ்சம் புகை அதில் இறங்கி, ஒரு பிஸ்டனைப் பின்னால் தள்ளும். பிஸ்டன் நகர்ந்தால் போல்ட்டின் பூட்டு திருகிக் கழன்று அதுவும் பின்னால் போகும். போகிற போக்கில் காலிக் கூட்டை இழுத்து வெளியே எறியும். பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கை அமுக்கும். மேலே தோட்டா பெல்ட்டை நகர்த்தும். தையல் மிஷினில் ஊசி இறங்கி ஏற, கீழே பல் துணியை ஒவ்வொரு தையலாகத் தள்ளுமே, அதே சமாச்சாரம். அமுங்கிய ஸ்பிரிங் போல்ட்டை மறுபடி முன்னால் தள்ள, அடுத்த தோட்டா உள்ளே போய் வெடிக்கும். விநாடிக்குப் பதின்மூன்று தையல். பெல்ட்டைக் கோத்திருக்கும் இரும்பு வளையங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று உதிரும், காலிக் கூடுகளும் விழும்.

இதெல்லாம் சாமர்த்தியம்தான். ஆனால் இந்த யந்திரத்தை வடிவமைக்கிறவனின் தூக்கத்தைக் கெடுப்பது வேறு ஒன்று. சூடு.

ஒவ்வொரு தோட்டாவும் தன் சக்தியில் ஒரு பங்கைப் பேரலிடம் சூடாகக் கொடுத்துவிட்டுத்தான் போகிறது. பழைய காலத்துக் கனமான மெஷின் கன்களில் பேரலைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிவைத்தார்கள். தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய 'லைட்' சமாச்சாரத்தில் தண்ணீருக்கு எங்கே போவது? சூடு கட்டுமீறினால் பேரல் தேயும், குறி தப்பும். இன்னும் மோசமான ஒன்றும் உண்டு. உள்ளே காத்திருக்கும் தோட்டா, யாரும் ட்ரிகரைத் தொடாமலே, சூட்டில் தானாக வெடிக்கும். இரண்டு நிமிஷத்துக்குள் 200 ரவுண்டு போயிருந்தால் அந்த பேரலை 'சூடான பேரல்' என்றே கருதிக் கையாளவேண்டும் என்று அமெரிக்க ராணுவக் கையேடு சிப்பாய்களை எச்சரிக்கிறது.

இதற்கு இரண்டு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். முதலாவது, போல்ட்டைத் திறந்தே வைப்பது. ரைஃபிளில் தோட்டா ஏற்கெனவே உள்ளே போய், கதவு சாத்திக் காத்திருக்கும். பெரும்பாலான எல்.எம்.ஜி.யில் அப்படி இல்லை. சுடாத நேரத்தில் போல்ட் பின்னால் நிற்கும், உள்ளே தோட்டா கிடையாது. காற்று போய்வந்து கொஞ்சம் ஆறும். ட்ரிகரை அழுத்தினால்தான் போல்ட் பாய்ந்து போய், தோட்டாவை எடுத்துத் திணித்து வெடிக்கவைக்கும். அத்தனை இரும்பு முன்னால் பாய்வதால் முதல் ரவுண்டில் கன் லேசாகத் தலையை ஆட்டும். பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது வைத்தியம், ஹோட்டல் மாஸ்டர் செய்வது. ஒரு தோசைக்கல் ரொம்பக் காய்ந்துவிட்டால் பக்கத்துக் கல்லுக்குப் போவாரே, அது. எல்.எம்.ஜி.யோடு இரண்டாவது பேரல் ஒன்று கூடவே வரும். ஒரு பூட்டைத் திறந்து, சூடான பேரலை உருவிப் போட்டுவிட்டு, ஆறியதை மாட்டவேண்டும். பழகிய கைக்குச் சில விநாடி வேலை. நிதானமாகச் சுட்டால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, வேகமாகச் சுட்டால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை, விடாமல் சுட்டால் நிமிஷத்துக்கு ஒரு தடவை என்று அதே கையேடு கணக்கு வைத்திருக்கிறது.

இந்த மாற்றும் வேலைதான் நம்பர் டூவின் வேலை.

பெரியப்பா காலத்து எல்.எம்.ஜி., 'பிரென்' வம்சம். செக்கோஸ்லோவாகியாவின் பர்னோ நகரத்தில் வாக்லாவ் ஹோலெக் என்பவர் வடிவமைத்த துப்பாக்கியை, 1930-களில் பிரிட்டிஷ்காரர்கள் வாங்கித் தங்கள் தோட்டாவுக்கு ஏற்றபடி திருத்தினார்கள். பர்னோவின் முதல் இரண்டு எழுத்து, தங்கள் ஊரான என்ஃபீல்டின் முதல் இரண்டு எழுத்து, பிரென். பத்து கிலோ. முப்பது ரவுண்டு மேகஸின் தலைமேல் கொண்டை மாதிரி நிற்கும். முப்பது ரவுண்டு என்பது மூன்றரை விநாடிச் சமாச்சாரம், ஆகவே மேகஸினை மாற்றிக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். அவனே பையில் மேகஸின்கள், தோளில் மூன்று கிலோ மாற்று பேரல், போதாததற்குத் தன் சொந்த ரைஃபிள் எல்லாவற்றையும் சுமப்பான். நம் ராணுவம் இதே பிரென்னை 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்றி '1பி' என்று பெயர் கொடுத்துப் பல பத்தாண்டுகள் வைத்துக்கொண்டது.

அப்புறம் வந்தவையெல்லாம், கூர்ந்து பார்த்தால், நம்பர் டூவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக் கட்டும் கதைதான். பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பெனியில் எர்னெஸ்ட் வெர்வியெ வடிவமைத்த 'மினிமி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-களில் அமெரிக்காவே அதை எம்249 என்ற பெயரில் சேர்த்துக்கொண்டது. ஏழு கிலோ சொச்சம். தோட்டா சின்னது, 5.56 மில்லிமீட்டர், எடையில் பழையதில் பாதி. 200 ரவுண்டு பெல்ட் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் சுருண்டு கன்னின் வயிற்றிலேயே தொங்கும். பெல்ட் தீர்ந்துபோனால் பக்கத்தில் இருக்கும் சிப்பாயின் ரைஃபிள் மேகஸினை வாங்கி இடது பக்கத்தில் செருகிச் சுடலாம் என்று ஒரு வாசல் வேறு. (பெல்ட்டை இழுக்கும் பாரம் இல்லாததால் அப்போது வேகம் எகிறி அடிக்கடி சிக்கிக்கொள்ளும் என்பது உபயோகித்தவர்கள் புகார்.) ஓர் ஆளே தூக்கி, ஓர் ஆளே சுடலாம். அமெரிக்க மரைன் படை இன்னும் ஒரு படி போய், 2010-களில் தன் சிறு குழுக்களில் மினிமிக்குப் பதிலாக எம்27 என்ற, பார்வைக்கும் தூக்குவதற்கும் ரைஃபிள் மாதிரியே இருக்கும் ஒன்றைக் கொண்டுவந்தது. நம் ராணுவத்துக்கு 2020 மார்ச்சில் 880 கோடி ரூபாய்க்கு 16,479 இஸ்ரேலிய நெகெவ் எல்.எம்.ஜி. வாங்க ஒப்பந்தம் ஆனது. அது பெரிய தோட்டாவையே சுடும், ஆனாலும் எடை எட்டு கிலோவுக்குள்.

சரி, திருவிடந்தைக்குத் திரும்புவோம். மேஜையில் இருந்தது இந்த ஜாதிதான். பெல்ட், பெட்டி, பேரல் மேல் ஒரு கைப்பிடி. ஸ்டாலில் கோட்டு போட்ட வட இந்தியப் பையன். பெரியப்பா தன் ராணுவ ஹிந்தியை எடுத்துவிட்டார்.

"நம்பர் தோ க்யா கரேகா?" நம்பர் டூ என்ன செய்வான்?

பையன் பெருமையாகச் சிரித்தான். தேவையே இல்லை சார், இது ஒன் மேன் வெப்பன் என்றான்.

பெரியப்பா தலையாட்டினார். பிறகு, மாற்று பேரல் இருக்கிறதா என்று கேட்டார். மேஜைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினான். கையில் வாங்கி எடை பார்த்தார்.

"இதை யார் தூக்குவான்?"

பையன் கொஞ்சம் யோசித்தான். "அதே ஆள்தான் சார்..."

பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. பேரலின் கைப்பிடியைப் பிடித்து ஒரு தடவை மேலும் கீழும் அசைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அப்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியது. இத்தனை வருஷமாகத் தோன்றாதது வெட்கம்தான். சுடும் பேரலைத் தொடாமல் மாற்றத்தானே அந்தக் கைப்பிடியே வைத்திருக்கிறார்கள்? பிரென்னிலும் மரப்பிடி போட்ட கைப்பிடி உண்டே?

வெளியே வந்து ஒரு நிழலில் உட்கார்ந்து மோர் குடித்தோம். "கைப்பிடி இருக்கும்போது கை எப்படி வெந்துச்சு பெரியப்பா?" என்று கேட்டேன்.

மோர் பாக்கெட்டை முழுக்கக் காலி செய்துவிட்டுத்தான் பேசினார்.

"மாத்தும்போது வேகலடா. மாத்தினதெல்லாம் சரியாத்தான் மாத்தினேன். ராத்திரி. நாலாவது தடவையோ அஞ்சாவது தடவையோ பேரலை உருவிப் பக்கத்துல போட்டேன். புதுசை மாட்டிட்டு அவன் தோளைத் தட்டினேன். மாட்டியாச்சுன்னா தட்டணும், அப்பதான் நம்பர் ஒன் சுடுவான். சுடல. இன்னொரு தடவை தட்டினேன்."

நான் ஒன்றும் கேட்கவில்லை.

"நம்பர் ஒன் இல்லேன்னா நம்பர் டூ அந்த எடத்துக்கு நகரணும். அதான் டிரில். நகர்ந்தேன். எவ்வளவு நேரம் சுட்டேன்னு தெரியாது. பின்னால வான்னு ஆர்டர் வந்துது. கன்னை வலது கையில எடுத்துட்டேன். அந்தச் சூட்டு பேரல் எங்கேயோ கெடக்கு. இருட்டு. தடவறேன், கைப்பிடி தட்டுப்படல. பேரல்தான் தட்டுப்பட்டுது. பிடிச்சிட்டேன்."

"விட்டுட்டு வந்திருக்கலாமே?"

"ஆயுதத்தை விட்டுட்டு வர்றதா? அதுல கன் நம்பர் அடிச்சிருக்கும். கோத்துல கணக்குக் கேப்பான்." கோத் என்றால் ராணுவத்தில் ஆயுதக் கிடங்கு.

அந்த நம்பர் ஒன் ஆளின் பெயரை அன்றுதான் முதல்முறையாகச் சொன்னார். ஊரையும் சொன்னார். இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரை மறுநாள் காலையில்தான் போய் எடுத்துவர முடிந்ததாம். பெரியப்பாவைக் கூட்டிப் போகவில்லை, கை கட்டுப் போட்டிருந்தது.

ஈ.சி.ஆர். ரோட்டில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. கோவளம் தாண்டும்வரை இருவரும் பேசவில்லை. அப்புறம் அவராகவே சொன்னார்.

"சண்டை நின்னப்புறம் கோத்துல போய் ஒப்படைச்சேன். அங்க இருந்தவன் லெட்ஜரைத் திறந்து நம்பர் பாத்தான். கன் ஒண்ணு, பேரல் ரெண்டு. எல்லாம் சரியா இருக்கு, கையெழுத்துப் போடுன்னான்."

"போட்டீங்களா?"

"வலது கைதான் நல்லா இருந்துதே."