போகவில்லை, ஆள் அனுப்பினோம்!

செங்கற்பட்டுக் கோட்டையைக் காணச் சென்றிருந்தோம். காண என்ன இருக்கிறது அங்கே என்று கேட்பீர்கள், தோழர்களே! கொளவாய் ஏரி, அதன் அருகே இடிந்த மதில், கோட்டையை ஊடறுத்து ஓடும் இருப்புப்பாதை. வண்டியிலே செல்வோர், ஒரு பழைய போர்க்களத்தைக் கடக்கிறோம் என்று அறியாமலே கடந்து செல்கின்றனர். நமக்கோ அந்த மதிலைக் கண்டதும் நெஞ்சு உறுத்திற்று. அழைத்தவனுக்கு உதவப் போகாத தளபதி ஒருவன், 1780-இல் வந்து ஒதுங்கிய இடம் அது. அவன் செய்த பிழையை நாமும் செய்திருக்கிறோம். களத்திலே அல்ல, ஓர் அச்சகத்திலே!

தளபதியின் பெயர் ஹெக்டர் மன்றோ. 1764-இல் பக்சாரிலே வென்று புகழ் பெற்றவன். ஐதர் அலியின் பெரும்படை ஆர்க்காட்டுச் சீமைக்குள் புகுந்தபோது, மன்றோ காஞ்சிபுரத்தில் தங்கினான். குண்டூர்ப் பக்கமிருந்து வந்த பெய்லியை, "நீ என்னிடம் வந்து சேர்" என்று பணித்தான். பெய்லி, கொற்றலையாற்றைக் கடக்காமல் கரையிலே ஓர் இரவு தங்கினான். அன்றிரவே வெள்ளம்! செப்டம்பர்த் தொடக்கம் வரை ஆறு வழிவிடவில்லை. 6-ஆம் நாள், பேரம்பாக்கத்துக்கு அருகே திப்பு வழி மறித்தான். அடித்து நிறுத்தினான் பெய்லி. ஆனால் மேலே நகர வலிவில்லை. "நான் வர இயலாது, நீங்கள் வாருங்கள்" என்று சேதி போயிற்று.

மன்றோ போயிருக்கலாம், தொலைவு ஒரு நாள் நடைதான். ஆனால் காஞ்சிபுரத்திலே அரிசி இருந்தது. கனத்த பீரங்கிகள் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு எப்படிப் போவது? ஆகவே, பிளெச்சர் என்பவனுடன் ஏறக்குறைய 1,000 பேரை அனுப்பினான். தான் காவல் இருந்தான். ஐதர் என்ன செய்தான்? இரவோடு இரவாகப் பெரும்படையைத் திப்புவின் பக்கம் திருப்பினான், தானும் சென்றான். 10-ஆம் நாள், பொள்ளிலூர் என்று வரலாற்றேடுகள் குறிக்கும் புள்ளலூரிலே, வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடிக்க, பெய்லியின் படை அழிந்தது. மாண்டவர் போக எஞ்சியோர் சிறைப்பட்டனர். பெய்லி சீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே 1782-இல் இறந்தான்.

அன்று காலையிலேதான் மன்றோ புறப்பட்டான். காலம் கடந்துவிட்டது! திரும்பினான். எந்தப் பீரங்கிகளுக்காகக் காவல் இருந்தானோ, அந்தப் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்திலே தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கினான்.

வெள்ளம் வந்தது, வண்டி வெடித்தது என்று காரணம் கூறுவோர் உண்டு. வந்ததும் உண்மை; வெடித்ததும் உண்மை. ஆனால், அழைத்த குரலுக்கு எதிரி சென்றான். தளபதி ஆள் அனுப்பினான். அதுவும் உண்மையல்லவா?

இனி நம் கதை. அச்சகம் ஒன்றிலே இரவுப் பணிக்கு நாம் பொறுப்பாளர். ஒரு நூலின் உட்பக்கங்கள் அச்சாகிக் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருந்தன. மேலட்டை மட்டும் பாக்கி. பணிக்கு வந்து 3 மாதமே ஆன இளைஞர் அதை ஓட்டிக்கொண்டிருந்தார். "அண்ணே, நிறம் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை. ஒருமுறை வந்து பாருங்கள்" என்றார். நாம் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தோம். எண்ணிக்கை தவறினால் முதலாளி நம்மையன்றோ கேட்பார்! அவரைவிடக் குறைவாகத் தொழில் தெரிந்த ஒருவரை அனுப்பினோம். நள்ளிரவில் மறுபடி அழைத்தார். "பார்த்துச் செய்" என்றோம்.

விடிந்தது. அட்டைகள் அத்தனையும் பாழ்! நாம் விழித்திருந்து எண்ணிய கட்டுகள், அட்டையில்லாமல் அங்கேயே கிடந்தன. மன்றோவின் பீரங்கிகளைப்போல!

முதலாளி அறிக்கை கேட்டார். "இளைஞரின் கவனக்குறைவு" என்று எழுதினோம். அவருக்கு வேலை போயிற்று. "அவனுக்கு நேரம் சரியில்லை" என்று வேறு சொன்னோம். பகுத்தறிவு பேசும் நாம்! போகும்போது அவர் சண்டையிடவில்லை. "இரண்டு முறை கூப்பிட்டேனே, அண்ணே" என்றார். அவ்வளவுதான்.

கோட்டையிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்று, கடலோரமாகவே வடக்கே கோவளம் வரை போனோம். அங்கேயும் ஒரு கோட்டை இருந்தது. 1752-இல், பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கோவளத்தையும் செங்கற்பட்டையும் பிடிக்கக் கிளைவ் வந்தான். அவனுடன் வந்த வெள்ளையர் 200 பேரும் பழக்கமற்ற புதியவர்கள். கோட்டையிலிருந்து வந்த குண்டுக்கு ஒருவன் விழுந்ததும் மற்றவர் ஓட்டமெடுத்தனர். பீரங்கி முழக்கம் கேட்டு ஒருவன் கிணற்றுக்குள் ஒளிந்தானாம்! கிளைவ் அவர்கள் நடுவே நின்றான். ஆபத்து மிகுந்த இடத்திலே தான் நின்று காட்டினான். ஓடியவர்கள் வெட்கினர், நின்றனர். கோவளம் வீழ்ந்தது. உதவிக்கு வந்த படையை வழியிலே மடக்கினான், செங்கற்பட்டும் பணிந்தது.

கிளைவ் நமக்கு வழிகாட்டியா? அல்லன். பிறர் நாட்டைப் பறிக்க வந்தவன் அவன். எனினும் பகைவனின் பாசறையிலும் பாடம் உண்டு. புதியவர்களோடு நின்றவன் வென்ற அதே கோட்டைக்குத்தான், 28 ஆண்டுக்குப் பின், போகாதவன் புகலிடம் தேடி வந்தான்!

போரைக் காட்டித் தொழிலாளருக்குக் கீழ்ப்படிதலைப் போதிப்பவர் பலர். தொழிலாளி சிப்பாய் அல்லன். ஆணைக்குச் சாக வந்தவனும் அல்லன். போர்க்களம் புகட்டும் பாடம் மேலே இருப்பவனுக்கு. கீழிருந்து குரல் வரும்போது, நீ காத்து நிற்பது எதை, யாருக்காக என்று உன்னையே கேள்! எல்லா இடத்திலும் ஒருவன் இருக்க முடியாதுதான். ஆனால் எது சரக்கு, எது உயிர் என்று பிரித்தறிய முடியாதவன் பொறுப்பு ஏற்கலாகாது.

திரும்பி வந்ததும் முதலாளிக்கு இரண்டாவது அறிக்கை ஒன்று எழுதினோம்: "இளைஞர் இருமுறை அழைத்தார். நாம் போகவில்லை. பிழை நம்முடையது." அதன் படி ஒன்றை அந்த இளைஞரிடம் நேரிலே கொடுத்தோம். ஆள் அனுப்பவில்லை. அவர் அதற்குள் வேறோர் அச்சகத்திலே சேர்ந்திருந்தார். படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இனி அங்கே ஒரு புதுப் பையன் கூப்பிட்டால் போங்கள், அண்ணே" என்றார்.

போகிறோம், தோழர்களே! நீங்களும் போங்கள்!