டேபிள் ஃபேனைவிட மெதுவாகச் சுற்றிய விமான இன்ஜின்! - வியாசர்பாடி டு தீவுத்திடல், நைனாவுடன் ஒரு ஞாயிறு

"ஆயிரத்தி முந்நூறு. கொஞ்சம் மேல போவும், கீழ போவாது" என்றார் நைனா.

எங்கள் வீட்டு டேபிள் ஃபேனின் அடிப்பாகத்தில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னது இது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிவந்த டேக்கோமீட்டரை ஃபேன் பக்கம் நீட்டி பட்டனை அமுக்கினேன். சிவப்புப் புள்ளி, இறக்கையில் ஒட்டியிருந்த பளபள ஸ்டிக்கர் மேல் விழுந்தது. திரையில் 1,322.

"இன்னா காட்டுது?"

சொன்னேன். காதில் விழவில்லை. மீட்டரையே திருப்பிக் காட்டினேன். சின்னதாய் ஒரு சிரிப்பு.

நைனா முப்பது வருடம் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு பட்டறையில் டீசல் இன்ஜின்களைப் பிரித்து, கோத்து, ஓட்டிப் பார்த்தவர். சத்தத்தை வைத்தே நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று சொல்லிவிடுவாராம். முதலாளி மீட்டர் வாங்கியதே, நைனா சொல்வது சரிதானா என்று பார்க்கத்தான் என்று அம்மா சொல்லும். அந்தக் காதுதான் இப்போது போய்விட்டது. வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. டிவி சத்தத்தைக் கூட்டி வைப்போம், அவ்வளவுதான்.

டேக்கோமீட்டர் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் என் அலுவலக வேலை. 'சொந்தமா விமானம் செஞ்சவங்க பத்தி ஒரு ஸ்டோரி குடு' என்றார்கள். மும்பை அமோல் யாதவ் கதை பலருக்கும் தெரியும். அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஆறு பேர் போகக்கூடிய விமானத்தைக் கட்டிய பைலட். 2016-ல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அது நின்றது. 2017-ல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பதிவுச் சான்றிதழ் கொடுத்தது. ஆனால், அவருக்கு நூறு வருடத்துக்கு மேல் முன்பே நம்ம மெட்ராஸில் ஒருவர் இதைச் செய்திருக்கிறார் என்று படித்ததும் மும்பையை மூடி வைத்துவிட்டேன்.

அவர் பெயர் டி'ஏஞ்சலிஸ். கோர்சிகா தீவுக்காரர். மவுன்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தியவர். 1909 ஜூலையில் பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்ததும் உலகம் முழுக்கப் பலருக்கு விமானக் கிறுக்குப் பிடித்தது. நம்ம ஹோட்டல்காரருக்கும்தான். தானே வரைந்த டிசைனை சிம்ப்சன் கம்பெனியிடம் கொடுத்துச் செய்யச் சொன்னார். பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, 1910 மார்ச்சில் தீவுத்திடலில் மக்கள் முன்னால் பறந்தார். அலகாபாத்தில் விமானத் தபால் பறந்தது 1911 பிப்ரவரி 18-ல்தான். நாம் ஏறக்குறைய ஒரு வருடம் முந்தி!

அந்த சிம்ப்சன், 1840-ல் குதிரை வண்டி கட்டும் கடையாகத் தொடங்கிய நிறுவனம். இன்று அதன் டீசல் இன்ஜின் தொழிற்சாலை இருப்பது செம்பியத்தில். வியாசர்பாடியிலிருந்து வண்டியை எடுத்தால், பாட்டு ஒன்று முடிவதற்குள் போய்விடலாம். டிராஃபிக் இல்லை என்றால்!

"வா நைனா, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்று ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.

முல்லை நகர் மைதானத்தில் காலையிலேயே கால்பந்து தொடங்கியிருந்தது. வியாசர்பாடி என்றால் சினிமா காட்டும் அரிவாளும் கத்தியும்தான் வெளியில் தெரியும். எங்களுக்கு கால்பந்து, கேரம், மழை பெய்தால் குளமாகும் கணேசபுரம் சுரங்கப்பாதை. அப்புறம் லேத் சத்தம். தெருவுக்குள் ஒரு ஷட்டர் பாதி திறந்திருந்தால் உள்ளே இரும்பு சீவிக்கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சத்தம் இல்லாமல் ஊர் வேறு மாதிரி இருந்தது. நைனாவுக்கு எல்லா நாளும் இப்படித்தான் இருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

செம்பியத்தில் பூட்டிய கேட்டுக்கு எதிரே டீ குடித்தோம். விமானக் கதையை நைனாவின் காதருகே போய்க் கத்திச் சொன்னேன். டீ மாஸ்டரும் சேர்த்துக் கேட்டுக்கொண்டார். எல்லாம் கேட்ட நைனா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அது எவ்ளோ சுத்துதுன்னு அவுரு எப்டி பாத்தாரு?"

எனக்கும் அந்தச் சந்தேகம்தான். அந்தக் காலத்தில் பிரான்ஸில் பேர் வாங்கிய 'நோம்' என்ற ரோட்டரி இன்ஜினைப் பற்றிப் படித்து, படத்தை போனில் வைத்திருந்தேன். 1909-ல் பறக்கத் தொடங்கிய இன்ஜின் அது. ஏழு சிலிண்டர், 50 குதிரைத்திறன். விசித்திரம் என்னவென்றால், அதில் கிராங்க் ஷாஃப்ட் சுற்றாது. அதை விமானத்தோடு சேர்த்து முடுக்கிவிடுவார்கள். ஏழு சிலிண்டரும் இன்ஜின் உடம்பும்தான் புரொப்பல்லரோடு சேர்ந்து ராட்டினம் மாதிரி சுற்றும். சுற்றும்போதே காற்றுப் பட்டுச் சூடு தணியும்.

படத்தைப் பார்த்த நைனாவின் முகம் மாறியது. "ஷாஃப்ட் நிக்கிது, பிளாக் சுத்துதா? அப்போ கேபிள எங்க மாட்டுவான்?"

அதுதான் விஷயம். ஸ்கூட்டர் ஸ்பீடாமீட்டருக்கு வருகிற மாதிரி ஒரு கேபிள்தான் பழைய டேக்கோமீட்டருக்கும். சுற்றும் ஷாஃப்ட்டின் நுனியில் மாட்டிவிட்டால் போதும். இங்கே ஷாஃப்ட் நிற்கிறதே! சுற்றும் உடம்பின் பின்புறம் ஒரு பல்சக்கரம் இருக்கும். மேக்னெட்டோவும் எண்ணெய் பம்பும் ஓடுவது அதில்தான். கேபிளுக்கும் அங்கிருந்தே ஓட்டம் எடுத்தார்கள். அதுகூட இல்லாதவர்கள் எண்ணெயைப் பார்த்தார்கள். பைலட் முன்னால் ஒரு கண்ணாடிக் குமிழ். பம்ப் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் குமிழுக்குள் எண்ணெய் எகிறும். கடிகாரத்தைப் பார்த்து அந்தத் துடிப்பை எண்ணினால் இன்ஜின் வேகம் கணக்காகிவிடும்.

"நாடி புடிக்கிற மாரி" என்றார் நைனா.

அந்த எண்ணெய் என்ன தெரியுமா? நம்ம விளக்கெண்ணெய்! பெட்ரோலில் சுலபமாகக் கரையாது என்பதால் அதை ஊற்றினார்கள். எரியாத எண்ணெய் புகையாக பைலட் முகத்திலேயே வந்து அடிக்கும். விளக்கெண்ணெய் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று நம் பாட்டிகளைக் கேட்க வேண்டியதில்லை. இதைச் சொன்னதும் டீ மாஸ்டர் சிரித்த சிரிப்பில் ஒரு கிளாஸ் டீ சிந்தியது.

வேகம் எவ்வளவு என்றால், நிமிடத்துக்குச் சுமார் 1,200 சுற்று. காலையில் எங்கள் வீட்டு டேபிள் ஃபேன் அதைவிட வேகம். நைனா நம்பவே இல்லை.

வண்டியை வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் போட்டுவிட்டு சென்ட்ரலுக்கு ரயில் ஏறினோம். பாலிடெக்னிக் படிக்கும் அத்தை பையனும் ஒட்டிக்கொண்டான். அவன் சொன்னது இன்னொரு ரோட்டரி கதை. 'வான்கெல்' இன்ஜின். இதில் சிலிண்டரே கிடையாது. முக்கோண ரோட்டர் ஒன்று கூட்டுக்குள் உருளும். மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரில் வந்த இரண்டு ரோட்டர் இன்ஜினை எடுத்து, வெளிநாடுகளில் சொந்த விமானம் கட்டுபவர்கள் மாட்டுகிறார்கள். அதற்கு டேக்கோமீட்டர் வைப்பதில்தான் பலரும் குழம்புகிறார்களாம்.

"ரோட்டர் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள ஷாஃப்ட் மூணு சுத்து சுத்திடும்க்கா. ரோட்டருக்கு மூணு பக்கம். அப்போ ஷாஃப்ட் ஒரு சுத்துக்கு ஒரு ரோட்டர் ஒரு தடவை வெடிக்கும். ரெண்டு ரோட்டருக்கு ரெண்டு தடவை. நாலு சிலிண்டர் காரும் அதே கணக்குதான். அதனால நாலு சிலிண்டர் மீட்டரே போதும்."

ஒயரை எந்த காயிலில் மாட்டுகிறோம் என்பதில்தான் சிக்கல். அந்த இன்ஜினில் ரோட்டருக்கு இரண்டு பிளக். சுற்றுக்கு ஒரு முறை மட்டும் பொறி விடும் காயிலில் அந்த மீட்டரை மாட்டினால் பாதி வேகம்தான் காட்டும். இன்ஜின் 6,000-ல் அலறும்போது முள் 3,000-ல் நிற்கும்.

அவன் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்த நைனா, "பாதி காட்டுனா பரவால்ல, தப்புன்னு தெரிஞ்சிடும். நூறு இருநூறு கம்மியா காட்டுனாதான் ஆபத்து. நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சிக்கினே ஓட்டுவோம்" என்றார்.

பேசின் பிரிட்ஜில் ரயில் நின்றது. யாரும் பேசவில்லை. காதும் அப்படித்தானே போயிற்று? முதலில் போவது மெல்லிய கீச்சு ஒலிகள்தான், பேச்சு அல்ல. அதனால் ஆளுக்குத் தெரியாது. தொழிற்சாலையில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் உச்சவரம்பு என்று விதி இருக்கிறது. இரைச்சலால் காது போவதைச் சட்டம் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய தொழில்நோய்ப் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. நைனா காதில் வைத்துக்கொண்டது பஞ்சு. அதையும் இன்ஜின் சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று எடுத்துவிடுவாராம்.

தீவுத்திடலில் 1910-ஐ நினைவூட்டும் எதுவும் என் கண்ணில் படவில்லை. ஏதோ நிகழ்ச்சிக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நைனா நேராக அங்கே போனார். தகரக் கூட்டின் மேல் கையை வைத்தார். காவலுக்கு இருந்த பையன் பதறி எழுந்து வந்தான்.

"ஆயிரத்தி ஐநூறு" என்றார்.

"சூப்பர் மாமா!" என்றான் அத்தை பையன்.

"இதுல இன்னாடா சூப்பரு? கரன்ட்டு அம்பது சைக்கிள். இந்த மாரி செட்டு ஆயிரத்தி ஐநூறுதான் சுத்தணும். கையே வெக்க வேணாம்." கையை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். "ஒரு இன்ஜெக்டர் சரியில்ல, பாக்கச் சொல்லு" என்று அந்தப் பையனிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

திரும்பும்போது ஸ்டேஷன் படியில் நிறுத்தி, போனில் பெரிய எழுத்தில் தட்டிக் காட்டினேன்: 'திங்கக்கிழமை காது டெஸ்ட்டுக்கு டோக்கன் போட்டிருக்கேன்.'

படித்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "அந்த மெஷினு எவ்ளோ ஆவும்?" என்று மட்டும் கேட்டார்.