லேடீஸ் சைக்கிள் வாங்குங்க சார்

இன்னைக்கு ஒரு சைக்கிள் கதை. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க. இந்தக் கதையில தப்பு பண்ணினவன் நான்.

புதுக்கோட்டையில என்கிட்ட பல வருஷமா சர்க்கரைக்கு வைத்தியம் பாக்குறவர் ஒருத்தர். வயசு 66. ரெண்டு முழங்காலிலும் தேய்மானம் ஆரம்பிச்சிருந்தது. "நடந்தா வலிக்குது டாக்டர்"னார். நான் சீட்டு எழுதிக்கிட்டே, தலையைக்கூட நிமிர்த்தாம, "அப்ப சைக்கிள் ஓட்டுங்க சார், முட்டிக்கு நல்லது"ன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

அறிவுரையில தப்பில்ல. சைக்கிள்ல உடம்போட எடையை சீட்டு தாங்கிக்கும். முழங்கால் மடங்கி நீளும், தொடைத் தசை வலுப்படும், மூட்டுக்கு அடி விழாது.

மூணு வாரம் கழிச்சு வலது கையில மாவுக்கட்டோட வந்தார்.

வீட்டுக்குப் பின்னாடி கிடந்த பழைய பார் வச்ச சைக்கிளை எடுத்து, எண்ணெய் போட்டு, காத்தடிச்சு ஓட்டியிருக்கார். ஓட்டும்போது ஒண்ணும் ஆகல. இறங்கும்போதுதான் வினை. வலது காலை பின்பக்கமா தூக்கி கேரியரைத் தாண்டிப் போடணும் இல்லையா? 30 வயசுல அது யோசிக்காமலே நடக்கும். 66 வயசுல இடுப்பு மூட்டு அவ்வளவு விரியாது; அந்த ரெண்டு நொடி ஒத்தைக் காலில் நிக்கிற சமநிலையும் குறைஞ்சிருக்கும். கால் கேரியர்ல இருந்த காய்கறிப் பையில தட்டி, சைக்கிளோட சாய்ஞ்சு, கையை ஊன்றி விழுந்துட்டார். மணிக்கட்டு எலும்பு முறிஞ்சுபோச்சு.

"நீங்க சொன்னதைத்தான் டாக்டர் செஞ்சேன்"னு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்கு சிரிப்பு வரல. மாத்திரைன்னா எத்தனை மில்லிகிராம், சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு எழுதுற ஆள் நான். சைக்கிளை மட்டும் வெறும் 'சைக்கிள்'னு சொல்லி அனுப்பியிருக்கேன்.

அன்னைக்கு சொன்னேன்: "கட்டு பிரிச்ச பிறகு லேடீஸ் சைக்கிள் ஓட்டுங்க சார்."

அவர் முகம் மாறிப்போச்சு. "ஊர் சிரிக்கும் டாக்டர்."

பக்கத்துல உட்கார்ந்திருந்த அவரோட மனைவி, அதுவரைக்கும் வாயே திறக்கல, சட்டுன்னு சொன்னாங்க: "அறிவொளியில நான் சைக்கிள் பழகினப்ப இவரு சிரிச்சாரு டாக்டர். அதுக்காக நான் நிறுத்திட்டேனா?"

இளசுகளுக்காக ஒரு வார்த்தை. 1991-92ல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் எழுத்தோட சேர்த்து பெண்களுக்கு சைக்கிளும் கத்துக்கொடுத்தது. அப்போ கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான பெண்கள் பழகினாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம, புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு பார் வச்ச சைக்கிள்லயே பழகினவங்க நிறைய. இந்த அம்மாவும் அதுல ஒருத்தர். அவங்க பார் சைக்கிள் ஓட்டலாமாம், இவர் லேடீஸ் சைக்கிள் ஓட்டக்கூடாதாம்!

நெதர்லாந்துல இந்த மாதிரி தாழ்வான ஃபிரேம் வச்ச சைக்கிளுக்கு 'ஓமாஃபீட்ஸ்'னு பேரு. பாட்டி சைக்கிள்னு அர்த்தம். அங்கே காலேஜ் பசங்களும் கூச்சப்படாம ஓட்டுறாங்க. நான் எனக்கு ஒண்ணு வாங்கப் போனப்ப கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "பாப்பா எந்த கிளாஸ் சார்?"

சரி, வாங்கப் போறீங்கன்னா என்ன பாக்கணும்?

முதல்ல கடையிலேயே ஏறி இறங்கிப் பாருங்க, ஒரு தடவை இல்ல, பத்துத் தடவை. சீட்டுக்கு முன்னாடி இருக்கிற பள்ளத்துல காலை முழங்கால் உயரத்துக்கு மேல தூக்காம அந்தப் பக்கம் போட முடியணும். சில மாடல்ல பார் சும்மா கொஞ்சம் சரிஞ்சிருக்கும், அவ்வளவுதான். அது உங்களுக்கு உதவாது.

அடுத்தது ஹேண்டில் பார். சீட்டை விட உயரமா, உங்களைப் பாத்து வளைஞ்சு வரணும். நாற்காலியில உட்கார்ற மாதிரி முதுகு நிமிர்ந்து இருக்கணும். குனிஞ்சு ஓட்டுற சைக்கிள்ல உடம்பு பாரம் உள்ளங்கையில இறங்கும். அங்கே ஓடுற நரம்பு அழுந்தி சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். ரோட்டைப் பாக்க கழுத்தையும் தூக்கிக்கிட்டே இருக்கணும். கழுத்து வலிக்காரங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

நிமிர்ந்து உட்கார்ந்தா பாரம் முழுக்க பின்னால் இருக்கிற ரெண்டு உட்காரும் எலும்புக்கு வரும். அதனால சீட்டு பின்பக்கம் அகலமா இருக்கட்டும். ஆனா தலையணை மாதிரி மெத்துன்னு வேண்டாம். எலும்பு உள்ளே புதைஞ்சு, நடுப்பகுதி மேல வந்து அழுத்தும். கடையில சொகுசா தெரியும், ரெண்டு கிலோமீட்டர்ல மரத்துப்போகும்.

சீட்டு உயரத்துலதான் பாதிப் பேர் முட்டியைக் கெடுத்துக்கிறாங்க. தரையில ரெண்டு பாதமும் முழுசா ஊன்றணும்னு தாழ்வா வச்சா, ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அதிகமா மடங்கி சிப்பி எலும்புக்குப் பின்னாடி அழுத்தம் ஏறும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதுமேல வச்சா கால் நேரா நீளணும். அந்த உயரம்தான் சரி. முன்பாதத்தால மிதிக்கும்போது லேசா ஒரு மடிப்பு தானா வரும். ரொம்ப நாள் கழிச்சு ஓட்டுறவங்க முதல் ரெண்டு வாரம் தாழ்வா வச்சு, பயம் தெளிஞ்சதும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க.

கியர்? நம்ம ஊர் சமதளத்துக்கு இல்லாட்டியும் ஓடும். வழியில பாலம், மேடு இருந்தா சில கியர் உதவும். முன்னாடி ஸ்பிரிங் வச்சது வேண்டாம், கனம்தான் மிச்சம். முழு செயின் கவரும் மட்கார்டும் கட்டாயம். புடவை, வேட்டி, துப்பட்டா எதுவா இருந்தாலும் செயின்ல மாட்டினா விழுறது நிச்சயம். ரெண்டு பக்கமும் ஊன்றுற ஸ்டாண்டு, மணி, பின்னாடி சிவப்பு விளக்கு. காய்கறிப் பையை முன்னாடி கூடையில போடுங்க. ஏன்னு இப்போ தெரியும்.

டாக்டரா சில வார்த்தை. நடந்தாலே நெஞ்சு அடைக்குது, தலை சுத்துதுன்னா சைக்கிள் கடைக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்கு வாங்க. இன்சுலின் போடுறவங்களும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுக்கிறவங்களும் வெறும் வயித்துல கிளம்பாதீங்க. சட்டைப் பையில குளுக்கோஸ் இருக்கட்டும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு தலையில சின்ன அடியும் பெருசாகலாம், ஹெல்மெட் இல்லாம ஏறவே கூடாது. எலும்பு வலுவுக்கு சைக்கிள் மட்டும் போதாது, வலி விடுற அளவுக்கு நடையும் வேணும். வாரத்துக்கு 150 நிமிஷம் உடம்பு அசையணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. தினம் கடைத்தெரு போயிட்டு வந்தாலே பெரும்பகுதி கணக்கு முடிஞ்சுது.

அவர் கதைக்கு வர்றேன். புது சைக்கிள் வாங்கல. பேத்திக்கு பதினொண்ணாம் வகுப்புல அரசு கொடுத்த இலவச சைக்கிள், அவ திருச்சிக்குப் படிக்கப் போன பிறகு மாடிப்படிக்குக் கீழே சும்மா நின்னிருக்கு. டயர் மாத்தி, சீட்டை ஏத்தி, முதல் ஒரு மாசம் ஆள் நடமாட்டம் இல்லாத அஞ்சு மணிக்கு மட்டும் ஓட்டியிருக்கார். பிறகு ஒருநாள் சாயங்காலம் என் கிளினிக் வாசல்லயே வந்து இறங்கினார். வலது காலை பள்ளத்து வழியா எடுத்து, சும்மா படியிறங்குற மாதிரி.

போன வாரம் வந்தப்ப சுகர் ரிப்போர்ட்டை நீட்டுறதுக்கு முன்னாடி ஒரு புகார். காலையில எழுந்து பாத்தா சைக்கிள் இருக்கிறதில்லையாம். அந்த அம்மா மார்க்கெட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுறாங்களாம். "இன்னொண்ணு வாங்கணும் டாக்டர். எந்தக் கடைக்குப் போகட்டும்?"

கூடை வச்சதுதான் வேணுமாம்.