செல்ஃப் எடுக்கல, பாய்!

சென்னை புதுப்பேட்டையில் ஒரு காரைப் பகுதி பகுதியாக வாங்கிவிடலாம். ஒரு கடையில் கதவுகள் சாய்ந்து நிற்கும், அடுத்த கடையில் பம்பர்கள் தொங்கும். நான் போனது அங்கே ஒரு சந்துக்குள் இருக்கும் சிறிய ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்கு. சுவர் முழுக்க ஆணிகள், ஆணிக்கு ஆணி செப்புக்கம்பி சுற்றிய ஆர்மேச்சர்கள். கடைக்காரரை எல்லோரும் ‘பாய்’ என்கிறார்கள். அவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வேலையைப் பார்க்க வேண்டும் என்றேன். “பாருங்க, ஆனா வெளிச்சத்தை மறைக்காதீங்க” என்றார்.

“ஸ்டார்ட்டர் மோட்டார் பற்றித்தான்...” என்று இழுத்தேன். கீழே உட்கார்ந்து போல்ட் துடைத்துக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்தான். “செல்ஃபா சார்?” இந்தத் தெருவில் அதற்கு அந்தப் பெயர்தான். சாவியைத் திருப்பியும் எஞ்சின் சுற்றாவிட்டால் ‘செல்ஃப் எடுக்கல’.

பத்து மணிக்கு ஒரு காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். “செல்ஃப் போயிடுச்சாம் பாய், புதுசு போடணும்னு சொல்லிட்டாங்க” என்றார் உரிமையாளர். பாய் ஸ்பேனரை எடுக்கவில்லை. “ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருப்புங்க” என்றார். உர்ர்... உர்ர்... என்று எஞ்சின் நொண்டி நொண்டி நின்றது. விளக்கு லேசாகத்தான் மங்கியது.

அந்தச் சத்தத்திலிருந்தே அவர் கணக்கு தொடங்குகிறது. ‘டிக்டிக்டிக்’ என்று விடாமல் அடித்தால் முதலில் பேட்டரியைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு ‘டக்’ என்றால் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சொலினாய்டு இழுக்கிறது, ஆனால் அதன் பாயின்ட்டோ மோட்டாருக்குள் கரண்ட் கடத்தும் கார்பனோ தேய்ந்திருக்கலாம். மோட்டார் மட்டும் ‘விர்ர்’ என்று சுற்றி எஞ்சின் அசையாவிட்டால், எஞ்சினைக் கவ்விச் சுற்றும் பென்டிக்ஸ் வழுக்குகிறது. சத்தமே இல்லையென்றால் சுவிட்ச், ரிலே, சொலினாய்டுக்குப் போகும் சின்ன ஒயர் என்று தேட வேண்டும்.

மீட்டரை பேட்டரியில் வைத்தார். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட். சாவியைத் திருப்பியபோது 11. “பத்துக்குக் கீழ இறங்கினா பேட்டரியைச் சந்தேகப்படலாம். இது நல்லாத்தான் இருக்கு.” அடுத்து மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்து மறுபடி திருப்பச் சொன்னார். அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் மீட்டர் 3 காட்டியது. “மூணு வோல்ட்டை வழியிலயே தின்னுடுது பாருங்க.”

செல்ஃப் இழுக்கும் கரண்ட் சாதாரணமானதல்ல. ஒரு சிறிய காரிலேயே 100 ஆம்பியரைத் தாண்டும். அவ்வளவு பாயும் வழியில் துளி அழுக்கு இருந்தாலும் மோட்டார் பட்டினி கிடக்கும். பேட்டரி நெகட்டிவை எஞ்சினோடு இணைக்கும் எர்த் ஒயரைக் கழற்றியபோது அதன் முனையில் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினார். ஒரே திருப்பில் எஞ்சின் எடுத்தது. உரிமையாளருக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் அதிகம். “அவ்வளவுதானா பாய்?” என்று இரண்டு முறை கேட்டார்.

டீ வந்தது. சிறுவனாக அம்பாசிடருக்கு ஹேண்டில் போட்டுச் சுற்றிய கதையைச் சொன்னார் பாய். கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துத்தான் பிடிக்க வேண்டுமாம். எஞ்சின் திருப்பி உதைத்தால் ஹேண்டில் கையை முறித்துவிடும். அந்த ஆபத்திலிருந்து கையைக் காப்பாற்றியது சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் செல்ஃப். 1912 மாடல் கேடிலாக்கில் அது வந்தது. நம் ஊரில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ், சென்னை பாடியில் செல்ஃப் மோட்டார் செய்கிறது. “நான் பிரிச்சதுல பாதி பாடி சரக்குதான்” என்று சிரித்தார்.

மதியம் ஒரு கால் டாக்ஸி. ஒரே ஒரு ‘டக்’. ஓட்டுநர் சீட்டுக்கடியிலிருந்து இரும்பு ராடை எடுத்து மோட்டாரின் முதுகில் இரண்டு தட்டு தட்டினார், எஞ்சின் எடுத்தது. ஒரு மாதமாக இப்படித்தானாம். பாய் முகம் சுளித்தார். “தட்டினா எடுக்குதுன்னா கார்பன் முடியப்போகுதுன்னு அர்த்தம். பழைய மோட்டார் உள்ள காயில் இருந்தது, தாங்கும். இது உள்ள காந்தம்பா. உடைஞ்சா மொத்தமும் போச்சு.”

நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றினான் பையன். அதை விட்டுவிட்டு பாசிட்டிவில் கைவைத்தால், ஸ்பேனர் காரின் பாடியில் பட்டதும் தீப்பொறி பறக்கும். காருக்கடியில் படுத்து இரண்டு போல்ட்டை எடுத்ததும் மோட்டார் கையோடு வந்தது. பிரித்தால் கருப்புத் தூள். கார்பன் விரல்நகத் தடிமனுக்குத் தேய்ந்திருந்தது. பாய் ஆர்மேச்சரை, ஷார்ட் சோதிக்கும் குரோலரில் கிடத்தி, அதன்மேல் ஆக்சா பிளேடை வைத்து மெல்ல உருட்டினார். ஓரிடத்தில் பிளேடு வண்டு போல ரீங்கரித்தது. “ஷார்ட். கார்பன் மட்டும் மாத்தினா ஒரு மாசம் ஓடும். அப்புறம் ராத்திரி எங்கயாவது நின்னு எனக்குப் போன் பண்ணுவே.” மாற்று மோட்டார் போடுவது என்று முடிவாயிற்று.

புதியதைத் தரையில் வைத்துக் காலால் அழுத்திக்கொண்டு கரண்ட் கொடுத்தார். பல்சக்கரம் துள்ளி வெளியே வந்து சுற்றியது. பையன் டார்ச் அடித்து, அந்தச் சக்கரம் கவ்வும் பிளைவீல் பற்களைப் பார்த்து, “நல்லாருக்கு பாய்” என்றான். பல் போயிருந்தால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டியிருக்கும். கடைசியாக நெகட்டிவை மாட்டினான்.

சாவியைத் திருப்பியதுமே எஞ்சின் எடுத்தது. காசைக் கொடுத்துவிட்டு ஓட்டுநர் பழக்கதோஷத்தில் ராடை மறுபடி சீட்டுக்கடியில் செருகப் போனார். “அது இங்க இருக்கட்டும்” என்றார் பாய். பையன் அதை வாங்கிக் கதவு மூலையில் சாய்த்து வைத்தான். அங்கே ஏற்கெனவே ஏழெட்டு ராடுகள் இருந்தன.